ஒரே தெருவில் ஒரு மாதம்

2024 செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை. சோழிங்கநல்லூர் அலுவலகத்தில் லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்துவிட்டுக் கீழே வந்தேன். பதினோரு வருடம் மூன்று மாதம் போய்வந்த வாசல். அட்டை இல்லாமல் கதவு திறக்காது. செக்யூரிட்டி அண்ணன் தன் அட்டையைத் தட்டித் திறந்துவிட்டு, "கார்டு மறந்துட்டீங்களா மேடம்?" என்றார். "ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வேறெதுவும் சொல்ல வாய் வரவில்லை.

ஏன் வேலையை விட்டேன் என்று இன்றும் கேட்கிறார்கள். சம்பளம் நன்றாகத்தான் இருந்தது. மேலாளர் நல்ல மனிதர். குரோம்பேட்டையில் கம்பெனி பஸ் ஏறினால் ரேடியல் ரோடு வழியாகப் போய்ச்சேர ஒன்றேகால் மணி நேரம். திரும்பி வீட்டுக்கு வரும்போது இரவு எட்டரை. ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை அமெரிக்க க்ளையண்ட்டோடு கால். அப்பா போனபிறகு வீட்டில் நானும் அம்மாவும்தான். சாப்பிடும்போது அன்றைக்கு நடந்ததையெல்லாம் அம்மா சொல்வாள். மாடிவீட்டுக் குழந்தைக்குக் காது குத்தியது, தண்ணி லாரி வராமல் போனது, எல்லாம். நான் போனைப் பார்த்துக்கொண்டே "ம்" போடுவேன்.

அந்த வருடம் மார்ச்சில் ஒருநாள் ராத்திரி, தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் ஒன்றுமே பேசவில்லை என்பது திடீரென்று உறைத்தது. "ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லையே" என்றாள். யோசித்துப் பார்த்தால், அவள் என்னிடம் கதை சொல்வதை நிறுத்திப் பல வாரம் ஆகியிருந்தது. என்றைக்கு நிறுத்தினாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஜூன் கடைசியில் ராஜினாமா கொடுத்தேன். மூன்று மாதம் நோட்டீஸ்.

அந்த மூன்று மாதத்தில் என்னென்ன செய்தேன், எதையெல்லாம் கோட்டைவிட்டேன் என்பதை விவரமாகச் சொல்கிறேன். என்னைப்போல வேலையை விட்டுவிட்டுச் சில மாதம் வெளிநாடு சுற்றிவரும் யோசனையில் இருக்கும் யாருக்காவது அது உதவும்.

முதலில் மருத்துவக் காப்பீடு. கம்பெனியின் குரூப் பாலிசியில்தான் அம்மாவும் இருந்தாள். அவளுக்குச் சர்க்கரை, பி.பி. இரண்டும் உண்டு. எங்கள் பாலிசி கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது, மாறினால் ஏற்கெனவே கழிந்த வருடங்கள் கணக்கில் சேரும். அப்படி இல்லாமல் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். இதெல்லாம் எனக்குத் தெரியவந்ததே கடைசி வாரத்தில்தான். விண்ணப்பம் இழுத்தது. பத்தொன்பது நாள் அம்மாவுக்குக் காப்பீடே இல்லை. அந்தப் பத்தொன்பது நாளும் அவள் மாடிப்படி இறங்கினால் எனக்கு நெஞ்சு படபடக்கும். ராஜினாமாக் கடிதம் கொடுக்கிற அன்றே ஹெச்.ஆரிடம் பாலிசி விவரத்தை வாங்கிவிடுங்கள். மற்ற எல்லாம் அப்புறம்.

அடுத்தது கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை. தொடர்ந்து ஐந்து வருடம் முடித்திருந்தால் உண்டு. நான் விட்டபோது இருந்த விதிப்படி, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். சி.டி.சி.யை, அதாவது கம்பெனி காட்டும் மொத்தச் சம்பளக் கணக்கை வைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். 30 நாளுக்குள் தரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது, எனக்கு வந்துசேர எழுபது நாள் ஆனது. அதனால் முதல் டிக்கெட்டுக்கு அந்தப் பணத்தை நம்ப வேண்டாம். பி.எஃப். பணத்தை நான் தொடவில்லை. வேலையை விட்ட பிறகும் அதற்கு வட்டி ஏறும், ஆனால் அப்படி ஏறும் வட்டிக்கு வருமான வரி உண்டு.

சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடிக்கவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் தேய்த்தால் கூடுதல் கட்டணம் பிடிக்காத கார்டு ஒன்றை வாங்கிவிட வேண்டும். சாதாரண கார்டுகள் பலவற்றில் 3.5 சதவீதமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் போகும். வேலை இல்லை என்று தெரிந்தால் வங்கி கார்டு தர யோசிக்கும். விசாவும் அப்படித்தான். ஐரோப்பா, ஜப்பான் பக்கம் போக ஆசையிருந்தால் வேலையில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள், அங்கெல்லாம் சம்பள விவரமும் விடுப்புக் கடிதமும் கேட்பார்கள். எனக்கு ஜப்பான் ஆசை இருந்தது. காலம் கடந்துதான் புத்தி வந்தது.

பணத்தை இரண்டாகப் பிரித்தேன். பயணத்துக்கு ஆறு லட்சம். வீட்டுக்கு ஒரு வருடச் செலவு, அது அம்மாவும் நானும் சேர்ந்த கணக்கில். இரண்டாவது பணத்தை எந்த ஊரில் எந்த நெருக்கடி வந்தாலும் தொடமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தேன். அதன்பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. சொந்தக்காரர்கள் வேறு மாதிரி. அத்தை போனில் குரலைத் தாழ்த்தி, "எடுத்துட்டாங்களாடி? எங்கிட்ட சொல்லு, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள். நானாகத்தான் விட்டேன் என்று சொல்லிப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது.

நவம்பரில் வியட்நாம் போனேன். 90 நாள் வரைக்குமான இ-விசா இணையத்திலேயே கிடைக்கிறது, ஒருமுறை நுழைவதற்கு 25 டாலர். அரசாங்கத்தின் தளத்தைத் தேடிப் பிடியுங்கள். நான் முதலில் திறந்தது இடைத்தரகர் தளம், மூன்று மடங்கு கேட்டது.

வியட்நாமில் என்ன செய்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். 32 நாளில் ஒன்பது ஊர். பயணத்துக்கே ஒரு எக்செல் போட்டிருந்தேன். ஹனோயில் தொடங்கித் தெற்கே இறங்கி ஹோ சி மின் நகரத்தில் முடிக்கவேண்டும், ஒவ்வொரு நாளுக்கும் இத்தனை மணிக்கு இந்த இடம். நாட்டின் நடுப்பகுதியில் அக்டோபர், நவம்பரில் மழையும் வெள்ளமும் வழக்கம் என்பதைப் பார்க்கவே இல்லை. ஹூவே நகரில் இருந்த நாலு நாளும் கொட்டித் தீர்த்தது. அறைக்குள் உட்கார்ந்து அட்டவணையைத் திருத்திக்கொண்டிருந்தேன். வேலையில் இருந்தபோது ரிலீஸ் தேதி தள்ளிப்போனால் வருமே ஒரு எரிச்சல், அதே எரிச்சல் அப்படியே வந்தது. என்மேலேயே எனக்கு வருத்தமாக இருந்தது.

கடைசியில் ஹோ சி மின் நகரம். பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது, பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் நம்மவர்கள் எழுப்பியது. இன்று வணங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாம்காரர்கள். கருவறைக்குப் பின்சுவரில் நெற்றியையும் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, சுவரோடு மெதுவாகப் பேசுகிறார்கள். அம்மா வயதுள்ள ஒரு பெண் அப்படி நின்றுகொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. நடுவில் நிறுத்தி, ஏதோ பதில் கேட்பதுபோலக் காதை வைத்துவிட்டு மறுபடியும் பேசினாள். என் அட்டவணையில் அந்தக் கோயிலுக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தேன். அவள் முடிக்கும்வரை இருக்கவேண்டும்போல இருந்தது, தூணோரம் உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் போனது. அங்கிருந்தபடியே அம்மாவுக்குப் போன் போட்டேன். "நீயும் வாயேன்" என்றேன். "எனக்கு எங்கடி பாஸ்போர்ட்டு?" என்றாள். பிறகு கொஞ்சநேரம் சும்மா இருந்துவிட்டு, "பினாங்குன்னா வரேன்" என்றாள்.

பினாங்குக்கு ஒரு கதை உண்டு. அம்மாவைப் பெற்ற தாத்தா ஐம்பதுகளில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கு போனவர். அங்கே ஒரு மளிகைக் கடையில் ஏழு வருடம் கணக்கெழுதினார். திரும்பும்போது கொண்டுவந்த தகரப்பெட்டி இன்றும் எங்கள் பரணில் இருக்கிறது. அம்மா சின்னப் பிள்ளையாக அவர் மடியில் உட்கார்ந்து கேட்ட ஊர்ப்பெயர் அது.

அம்மாவின் பாஸ்போர்ட் பற்றிச் சொல்லவேண்டும், பலருக்குப் பயன்படும். 60 வயது தாண்டியவர்களுக்குப் புதுப் பாஸ்போர்ட் கட்டணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி. அம்மா பத்தாம் வகுப்பு முடிக்கவில்லை, குடியேற்றச் சோதனை வேண்டும் என்ற இ.சி.ஆர். முத்திரை விழுமோ என்று பயந்தேன். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அது கிடையாது. முக்கியமானது பெயர். நம் வழக்கத்தில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டும்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தை வெறுமையாக விட்டால் விசா படிவத்திலும் விமான டிக்கெட்டிலும் தொல்லை. ஒற்றைப் பெயர் மட்டுமே இருக்கும் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து அனுமதிப்பதில்லை. அதனால் இனிஷியலை விரித்து அப்பா பெயரை அந்த இடத்தில் எழுதினோம். பாஸ்போர்ட் வந்த அன்று அம்மா அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் பிரித்துப் பார்த்தாள்.

பொங்கல் முடிந்து கிளம்பினோம். சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கியிருந்தது. இந்தியர்களுக்கு மலேசியாவில் 30 நாள் விசா வேண்டாம், போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் ஒரு வருகை அட்டை நிரப்பினால் போதும், அது இலவசம். நான் 29 நாள், அம்மா 18 நாள். இந்தமுறை அட்டவணை எதுவும் போடவில்லை. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு தெருவில், பழைய கடைவீட்டின் மாடியில் ஓர் அறை. நாள் வாடகைக்குக் கேட்டால் 80 வெள்ளி, மாதத்துக்கு என்றதும் 1,200-க்கு இறங்கினார்கள். அங்கே நம்மவர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். அப்போது ஒரு வெள்ளி ஏறக்குறைய 19 ரூபாய்.

முதல் நாள் காலை கீழே இறங்கியதும் எதிர்க்கடைப் பூக்கார அக்கா அம்மாவைப் பார்த்து, "பசியாறியாச்சா?" என்றார். அம்மா அப்படியே நின்றுவிட்டாள். காலைச் சாப்பாட்டை அங்கே பசியாறுவது என்பார்கள். "எங்கப்பா இப்படித்தான் கேப்பாரு" என்றாள் அம்மா. அவ்வளவுதான், அந்த அக்கா உள்ளேயிருந்து ஒரு முக்காலியை எடுத்துப் போட்டுவிட்டார்.

அடுத்த பதினெட்டு நாளும் அந்த முக்காலிதான். எனக்கு முதல் மூன்று நாள் இருப்புக் கொள்ளவில்லை. பினாங்கு மலைக்குப் போகலாமா, கோட்டைக்குப் போகலாமா என்று நச்சரித்தேன். "நீ போயிட்டு வா, நான் இங்க இருக்கேன்" என்றாள். நாலாவது நாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா பூக்கட்டுவதை நான் பார்த்தே பத்து வருடம் இருக்கும். இடதுகைக் கட்டைவிரலில் நூலைச் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு மொட்டு இந்தப்பக்கம், இரண்டு மொட்டு அந்தப்பக்கம், ஒரு சுழற்று, ஒரு இறுக்கு. கண் தெருவில் இருக்கிறது, வாய் பேசிக்கொண்டிருக்கிறது, விரல் தன்பாட்டுக்கு ஓடுகிறது. அந்த அக்கா கட்டுவது வேறு மாதிரி, முடிச்சு இன்னும் நெருக்கம். "எங்க பாட்டி கத்துக்குடுத்தது, அவங்க தஞ்சாவூரு" என்றார். இருவரும் ஒருவர் முடிச்சை மற்றவர் பிரித்துப் பார்த்தார்கள். வாசலில் சீனப் பாட்டி ஒருத்தி வந்து தினமும் ஒரு சரம் வாங்குவாள், காரில் பிள்ளையார் வைத்திருக்கிறாளாம். மதியம் பக்கத்துக் கபித்தான் கெலிங் மசூதியின் பாங்கு கேட்கும். 1801-இல் நம் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் தொடங்கிய பள்ளிவாசல். கடையை மலாயில் கெடாய் என்கிறார்கள், கப்பலை காப்பால் என்கிறார்கள். ஒரு வார்த்தையைக் கண்டுபிடிக்கும்போதெல்லாம் அம்மா எனக்குச் சொல்வாள். தாத்தா இதை இப்படிச் சொல்வார், அதை அப்படிச் சொல்வார் என்று ஆரம்பித்தால் அரைமணி நேரம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். போன் மாடியில் அறையில் கிடந்தது.

நகருக்குள் சுற்றும் இலவசப் பேருந்து ஒன்று உண்டு. நம் ஊரில் பெண்களுக்கு இலவசம், அங்கே ஏறுகிற எல்லோருக்கும். அதில் ஏறி ஒருநாள் படகுத்துறைப் பக்கம் போனோம். எந்தத் துறையில் ரஜூலா நின்றது என்று அம்மா கேட்டாள். ஒரு பெரியவர் கையை நீட்டிக் காட்டினார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள்.

பிப்ரவரி 11 தைப்பூசம். வெள்ளித்தேரும் தங்கத்தேரும் வருகிற வழியெல்லாம் தேங்காயைக் குவியல் குவியலாகக் கொட்டி உடைக்கிறார்கள், சீனர்களும் சேர்ந்துதான். தெரு முழுக்க இளநீர் வாசம். தண்ணீர்மலைக் கோயிலின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படியில் அம்மாவால் ஏறமுடியாது என்று நினைத்தேன். விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்கி, உட்கார்ந்து உட்கார்ந்து, ஏழேகாலுக்கு மேலே போய்விட்டாள். அவளுக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை.

செலவைச் சொல்கிறேன். வியட்நாம் 32 நாள், ஒன்பது ஊர், விமான டிக்கெட்டோடு 1,72,000 ரூபாய். பினாங்கு 29 நாள், என் பங்கு மட்டும் 84,000. ஊர் ஊராக நகர்வதுதான் பணத்தைத் தின்கிறது. ஒரே இடத்தில் இருந்தால் வாடகை குறைகிறது, எந்தக் கடையில் தோசை நன்றாக இருக்கும் என்று தெரிகிறது, காய் வாங்கிச் சமைக்க முடிகிறது. மூன்றாவது வாரத்தில் கடைக்காரர் கேட்காமலே உங்கள் காப்பியைப் போட ஆரம்பிப்பார். அந்த மூன்றாவது வாரத்தைத் தாண்டும் அளவுக்கு ஓர் ஊருக்கு நாள் ஒதுக்குங்கள்.

இன்னும் மூன்று சின்ன விஷயம். ஏ.டி.எம்.மிலோ கடையிலோ "இந்திய ரூபாயில் கழிக்கட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதம் மோசமாக இருக்கும். நம் ஊர் சிம்மில் சர்வதேச ரோமிங்கைக் கிளம்பும் முன்பே திறந்துவையுங்கள், ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹனோயில் எனக்கு ஓ.டி.பி. வராமல் இரண்டு நாள் கையில் இருந்த டாலரை வைத்து ஓட்டினேன். சைவம் சாப்பிடுகிறவர்கள் வியட்நாமில் "சாய்" என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சாந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, அங்கே நிறையப் பேர் சைவம்தான் சாப்பிடுகிறார்கள். அன்றைக்குச் சைவச் சாப்பாடு தேடி அலையவேண்டியிருக்காது.

மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் ஒரு மாதம் இருந்தேன். சென்னையிலிருந்து அங்கிருக்கும் பலாலி விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. வாடகைச் சைக்கிள், நல்லூர்க் கோயில், பனங்கிழங்கு. அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, இங்கே இடம் போதாது.

ஏப்ரலில் திரும்பி வந்தேன். மீதமிருந்த பணத்தில் நாலு மாதம் ஓடியது. இப்போது ஒரு சிறிய நிறுவனத்துக்கு வாரத்தில் மூன்று நாள், வீட்டிலிருந்தே ஒப்பந்த வேலை. முன்பு வாங்கியதில் பாதிகூட வராது. நேர்காணலில் அந்த இடைவெளி பற்றிக் கேட்டார்கள். நடந்ததை அப்படியே சொன்னேன். இரண்டு இடத்தில் அதனாலேயே வேண்டாம் என்றார்கள், மூன்றாவது இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் கால் கிடையாது என்று முதல் நாளே பேசி எழுதி வாங்கிக்கொண்டேன். கார் வாங்கும் யோசனையை விட்டுவிட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய், கொஞ்சம் உண்டு.

போன வாரம் இரவு எட்டேமுக்கால். தட்டு போட்டாகிவிட்டது. அம்மா கூடத்தில் வாட்ஸ்அப்பில் அந்தப் பூக்கார அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு மல்லி விலையில் தொடங்கி, மாடிவீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள் நடந்த கதைக்குப் போயிருந்தது. "இங்க ஒரே மழைலா" என்கிறாள் அம்மா. அடுப்பங்கரையில் ரசம் ஆறிக்கொண்டிருந்தது. நான் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். அவள் பேசி முடித்துவிட்டு வரட்டும்.